பிடரியில் இருந்த தம்பி

1

போன ஞாயிற்றுக்கிழமை என் இளைய பேத்திக்கு முதல் பிறந்தநாள். பாரிசுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் ஊரில் நகராட்சி ஹாலை எடுத்து நடத்தினோம். இங்கே ஹால் எடுப்பது கல்யாணத்துக்குப் பெண் எடுப்பதைவிடக் கஷ்டம். வீட்டு இன்சூரன்ஸ் சான்று கேட்பார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால் இது போன வருடத்தது என்பார்கள். புதியதைக் கொடுத்தால், இதில் உங்கள் பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கிறதே அம்மா என்பார்கள். நாற்பது வருடமாக என் பெயரை ஒரு அலுவலகமும் ஒழுங்காக எழுதியதில்லை. அதைச் சொல்லிச் சண்டை போட்டுத்தான் சாவியை வாங்கினேன்.

விழாவுக்குத் திண்டிவனத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். நல்ல மனுஷி. கேட்காமலேயே ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டுக்கொண்டு வந்தவர். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினார். பிறகு அதைத் திருப்பி உட்காரவைத்து, பின்கழுத்து முடியை இரண்டு விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, எப்படிக் கூம்பி எறங்குதுன்னு. அடுத்தது சிங்கக்குட்டிதான், எழுதி வெச்சிக்குங்க!"

என் மகள் அனிதா இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் எண்ணிப் பேசுவாள். அவள் கேக் வெட்டும் கத்தியோடு திரும்பி, "அடுத்தது இல்ல ஆன்ட்டி. ரெண்டு போதும். மத்தியே டாக்டர்கிட்ட சொல்லிட்டான். அவனுக்குத்தான் ஆப்பரேஷன்" என்றாள்.

மத்தியே அவள் புருஷன், வெள்ளைக்காரப் பிள்ளை. பெயர் காதில் விழுந்ததும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கையாட்டினான்.

அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, "ஆம்பளைக்கா? ஒரு பையன்கூட இல்லாமலா? சின்னஞ்சிறுசுங்க, தெரியாம பேசுதுங்க. பெரியவங்க நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார்.

எடுத்துச் சொன்னேன். என் மகளுக்கு இல்லை, அவருக்கு. சொன்னது என்ன என்பது புரிய வேண்டுமானால் முதலில் செஞ்சிக்குப் போக வேண்டும்.

2

நான் பிறந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது பெண். என் நைனா பெயர் ஏழுமலை. கூட்ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கோட்டை பார்க்க வருகிறவர்கள், மேல்மலையனூர் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், சந்தைக்கு மல்லாட்டை மூட்டை, அதுதான் வேர்க்கடலை மூட்டை, ஏற்றிப் போகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் சைக்கிள் எடுப்பார்கள். அதிகம் பேசாத மனிதர். பங்ச்சர் பார்க்கும்போது டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாரே, வீட்டிலும் அப்படித்தான் இருப்பார்.

வீட்டில் பேசியதெல்லாம் அத்தை. நைனாவுக்கு எட்டு வயது மூத்த அக்கா. நைனாவுக்கு இரண்டு வயதானபோதே அவர்களுடைய அம்மா செத்துப்போனதால், பத்து வயதில் தம்பியை இடுப்பில் தூக்கியவள். கட்டிக்கொடுத்தது அதே தெருவில். ஆகவே எங்கள் வீட்டுக்கு அவள் வருவதற்கு நேரம் காலம் கிடையாது.

அத்தையிடம் ஒரு வித்தை இருந்தது. பிடரி பார்ப்பாள். பிறந்த குழந்தையின் பின்கழுத்தில் முடி எப்படி இறங்குகிறது என்று பார்த்து, அடுத்த பிரசவத்தில் என்ன பிறக்கும் என்று சொல்வாள். ஒரே முனையாகக் கூம்பி இறங்கினால் ஆண். நேராகவோ இரண்டாகப் பிரிந்தோ நின்றால் பெண். தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். பலித்தால் ஊர் பேசும், பலிக்காவிட்டால் மறந்துபோகும். அந்தத் தொழிலில் இருக்கிற பெரிய வசதி அதுதான்.

என் இரண்டு அக்காக்களுக்கும் அத்தை சொன்னது பலித்திருந்தது. மூத்தவளைப் பார்த்து "அடுத்ததும் பொண்ணு" என்றாள். இரண்டாவதைப் பார்த்தும் அதையே சொன்னாள். நான் பிறந்தேன்.

நான் பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லாரியில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தது பெரிய விஷயம். "இன்னொண்ணு இந்த உடம்பு தாங்காதும்மா" என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். அம்மா ஊருக்குத் திரும்பியபோது அத்தை வாசலிலேயே என்னை வாங்கிக் கவிழ்த்துப் பிடரியைப் பார்த்தாள். பார்த்ததும் குலவை போட்டாளாம்.

"ஏர்முனையாட்டம் எறங்கியிருக்குது பாருடா ஏழுமல! அடுத்தது ஆம்பளதான்!"

டாக்டரம்மா சொன்னது அத்தோடு போனது. என் கழுத்துக்குப் பின்னால் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறான் என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி என்னைப் பிடித்துத் திருப்பி முடியை ஒதுக்கிப் பார்ப்பாள். "இன்னா சரோஜா, தம்பி எப்ப வரான்?" என்று அம்மாவைக் கேட்பாள். என் முகத்தை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

3

என் அம்மாவைப் பற்றி நான் இங்கே யாரிடமும் அடக்கத்தோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத அந்தப் பெண்பிள்ளை அடுத்த ஐந்தாறு வருடம் ஒரு தெருவையே எதிர்த்து நின்றாள். அதுவும் சத்தம் போடாமல்.

முதலில் தாய்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மல்லாட்டை பிடுங்கும் வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கச்சிக்குப் பிரசவம் என்று மாதக்கணக்கில் ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். அது தீர்ந்தபோது வேறு வழி கண்டுபிடித்தாள். ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போய் அங்காளம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் கொண்டுவந்தாள்.

"இன்னாத்துக்குடி மொட்ட?" என்று அத்தை கேட்டாள்.

"வேண்டுதல் அண்ணி."

"இன்னா வேண்டுதல்?"

"வெளிய சொன்னா பலிக்காது."

அங்காளம்மன் பெயரைச் சொன்ன பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. முடி கொஞ்சம் வளரும், அம்மா மறுபடியும் மலையனூர் பஸ் ஏறுவாள். ஆண்பிள்ளைக்காகத்தான் இப்படி உருகுகிறாள் என்று தெரு நினைத்துக்கொண்டது. அத்தையே மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். என் பிடரியில் படிப்பதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்பதுதான் வேண்டுதல் என்று அம்மா எனக்கு வெகுகாலம் கழித்துச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் மொட்டையால் எத்தனை வருடம் தள்ளிப்போட முடியும்? நான் ஒன்றாம் கிளாஸ் சேர்ந்த வருடம், ஊர்ச் சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள். ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து, அளவான குடும்பம் என்று கத்திக்கொண்டு போனார்கள். அம்மா யாருக்கும் சொல்லாமல் கருத்தடை ஆப்பரேஷனுக்காகச் சுகாதார நர்ஸம்மாவைத் தேடிப் போனாள். நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே இருந்த டெட்டால் வாசனை ஞாபகம் இருக்கிறது.

நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தினி புள்ளங்க?" இரண்டாவது கேள்வி, "ஆம்பளப் புள்ள இருக்குதா?"

"இல்லம்மா. மூணும் பொண்ணு."

"அப்ப ஒரு பையனப் பெத்துக்கினு வாம்மா. இப்பப் பண்ணி வுட்டா நாளைக்கு உன் ஊட்டுக்காரன் இங்க வந்து என் சட்டையப் புடிப்பான்."

சட்டத்தில் அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. சுவரில் வரைந்த முக்கோணத்திலும் ஆண்பிள்ளை என்று எழுதவில்லை. இருந்தாலும் கேட்டார்கள். போதும் என்று சொல்லச் சொன்ன அரசாங்கத்தின் வாயிலேயே, ஒரு பையன் வந்த பிறகு போதும் என்றுதான் வந்தது. வரும் வழியெல்லாம் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலிக்குது என்று நான் சொன்னதும்தான் விட்டாள்.

4

அந்த வாரமே வீட்டில் வெடித்தது. விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். நடுவீட்டில் குவியல், சுற்றி அம்மா, அத்தை, அக்காக்கள், நான். நைனா ஒரு ஓரமாக சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நர்ஸம்மாவிடம் போய்வந்தது எப்படியோ அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

"வர்றவனுக்குக் கதவச் சாத்தறியாமே? இவ பொடனியில அவன் குந்திக்கினு இருக்குறான். மொட்ட அடிச்சா போயிடுவானா? முடிதான் போவும், சுழி போவுமா?"

அம்மா உரித்துக்கொண்டே இருந்தாள். அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"பொடனி பொய் சொல்லாதுடி. ஏழுமலைக்கே பாத்தாங்க. அப்ப எனக்கு எட்டு வயசு, நானும் கண்ணால பாத்தேன். இதே மாதிரி ஏர்முனையாட்டம் எறங்கியிருந்துது. அடுத்ததும் ஆம்பளன்னு சொன்னாங்க. எங்கம்மா அப்பவே ஒடம்பு நோவுதுன்னு சொல்லிக்கினுதான் இருந்தா. எங்க நைனா வுடல. ஒருத்தனுக்கு ரெண்டு பேரா இருக்கட்டும், வர்றவன வேணாம்னு சொல்லாதன்னாரு. ஆம்பளதான் பொறந்துது. பொய்யாச்சா? சொல்லு, பொய்யாச்சா?"

அம்மாவின் கை நின்றது.

"பொறந்து?"

அத்தை குவியலிலிருந்து இன்னொரு பிடி மல்லாட்டையை அள்ளினாள்.

"பொறந்து இன்னா ஆச்சு அண்ணி? அந்தப் புள்ள எங்க? பெத்தவ எங்க?"

"அது... அது விதி."

"ரெண்டு பேரையும் ஒரே குழியில வெச்சீங்க. நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. எதனாலன்னு இன்னிக்குத்தான் சொல்றீங்க."

தன் அம்மா பிரசவத்தில் செத்தாள் என்பது நைனாவுக்குத் தெரியும். தன் பிடரியைப் பார்த்துத்தான் அந்தப் பிரசவத்துக்கு அவளைத் தள்ளினார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தார். அந்தக் கை மெதுவாகப் பின்கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது. சட்டை கிழிந்ததை மறைத்துக்கொள்கிறவர் மாதிரி அதைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி நின்றதைப் பார்த்து நான் பயந்து அழுதுவிட்டேன்.

அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொடனி பொய் சொல்லலன்னு நானும் ஒத்துக்கறேன் அண்ணி. இவ பொடனியில இருக்குறவன் ஆம்பளதான். அவன் அங்கயே இருக்கட்டும். அவனக் கூட்டியாறதுக்குப் போவ வேண்டியது நான். நான் போவமாட்டேன்."

அத்தை முந்தானையில் இருந்த தொலியை உதறிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

5

இங்கே இருப்பவர்கள் முன்னேறியவர்கள் என்று ஊரில் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். என் வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் குடியுரிமை கிடைத்த குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு பெண்களைப் பெற்ற பிறகு, போதும் என்று நானே டாக்டரிடம் போனேன். அப்போது என் பிரெஞ்சு, காய்கறிச் சந்தையில் பொறுக்கியது. தக்காளி கேட்கலாம், தத்துவம் பேச முடியாது.

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். இந்த ஆப்பரேஷனுக்கு இங்கே சட்டம் இடம் கொடுக்காது என்றார். பிறகு அன்பாக, "இரண்டும் பெண்ணா? உங்கள் வீட்டில் ஒரு பையன் வேண்டும் என்று கேட்பார்களே" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்காததை அவருக்காக டாக்டர் கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் சைக்கிள் கடைக்காரரான என் அப்பா அந்தக் காலத்திலேயே இதைச் செய்துகொண்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் போட்ட பிரெஞ்சில், என் அப்பா தன்னைத்தானே வெட்டிக்கொண்டார் என்று அவருக்கு விழுந்திருக்கிறது. எழுந்து வந்து என் தோளைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார். வெளியே வந்து நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாப்பில் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் கொஞ்சம் அழுதேன். கண்டம் தாண்டி வந்தும் அதே கேள்வி எனக்கு முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

இப்போது சட்டம் மாறிவிட்டது. மத்தியே போய்க் கேட்டதும் ஒரு தாளைக் கொடுத்து, நாலு மாதம் யோசித்துவிட்டு வா என்றிருக்கிறார்கள். யோசிப்பதற்குக்கூட இங்கே அரசாங்கம்தான் தவணை சொல்லும். ஆனால் பையன் இருக்கிறானா என்று அவனை யாரும் கேட்கவில்லை. எங்கள் திண்டிவனத்து அம்மாதான் கேட்டார்.

6

மல்லாட்டைச் சண்டைக்கு மறுநாள் காலையில் நைனா அம்மாவிடம் சொன்னார். "ஒன்ன அறுக்க வேணாம். ஏற்கெனவே செத்துப் பொழச்ச ஒடம்பு. ஆம்பளைக்கு சின்னக் கத்திதானாம். நான் போறேன்."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒங்களையும் கேப்பாங்க" என்றாள்.

"இன்னான்னு?"

"பையன் இருக்குறானான்னு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். போன அமாவாசைக்குத்தான் மொட்டை போட்டிருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு கால்சட்டையும் சட்டையும் வாங்கி வந்து அம்மா எனக்குப் போட்டுவிட்டாள். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றில் சொருகினாள். "பேர் கேட்டா இன்னான்னு சொல்லுவ?" என்று கேட்டு, "ராஜா" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாள். அக்காக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நைனா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து மிதித்தார். ராஜகிரி மலை மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் கேம்ப். பெஞ்சுகளில் ஆண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் இருந்த ஆள் நைனாவிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், சம்சாரத்துக்குச் சம்மதமா என்று கேட்டார். பிறகு அதே கேள்வி.

"ஆம்பளப் புள்ள இருக்குதா?"

பொய் பேசி எனக்குத் தெரிந்து நைனா அன்றுவரை ஒரு சைக்கிள்கூட வாடகைக்கு விட்டதில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் மொட்டைத்தலையில் கையை வைத்தார்.

"தோ, இருக்கறானே சார்."

அந்த ஆள் எட்டிப் பார்த்தார். "காது குத்தியிருக்குது?"

"எங்க ஊட்டு வழக்கம் சார்."

"டேய், ஒம் பேர் இன்னா?"

நைனாவின் கை என் தலைமேல் கனமாக இருந்தது. இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்பது மட்டும் தெரிந்தது. வயிற்றை எக்கி, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி கத்தினேன்.

"ராஜா!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மேஜைக்காரரும் சிரித்தார். "போ, ராஜாவ அந்த மரத்தாண்ட குந்த வையி, நீ உள்ள வா" என்றார்.

திரும்பும்போது நைனாவால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. காலை அகட்டி வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மெதுவாக நடந்தார். நான் பக்கத்தில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. அத்தை தெருவில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். "வம்சத்த அறுத்துக்கினு வந்துட்டானே! இனிமே இவனும் ஆம்பளையா!" என்றாள். தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது.

நைனா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அவர் அத்தனை பேர் எதிரில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அக்கா, எங்கம்மா மூஞ்சி எனக்குத் தெரியாது. இதுங்களுக்காவது தெரியட்டும்."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப்படி ஏற வெகுநாள் ஆனது. பிடரி பார்ப்பதை மட்டும் சாகும்வரை விடவில்லை. ஏழுமலைக்கு ஒரு மகன் இருந்திருக்க வேண்டும், சரோஜாதான் கெடுத்தாள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். கெடுத்த சரோஜா மூன்று பெண்களைப் படிக்கவைத்து, பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நானும் அக்காக்களும் முகம் தெரிந்த அம்மாவோடு வளர்ந்தவர்கள். அந்த வசதி எங்கள் நைனாவுக்குக் கிடைக்கவில்லை.

7

இதையெல்லாம் அனிதா படிக்கப்போவதில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்து பஸ் பலகை படிக்கிற அளவுக்குத்தான். அவளுக்கு என் பிரெஞ்சில் சொன்னேன், இந்த முறை யாரையும் வெட்டாமல். கேட்டுவிட்டு, "உன்னை ஆண் என்று சொன்னபோது உனக்குக் கோபம் வரவில்லையா?" என்றாள். அப்போது வரவில்லை, வேஷம் பிடித்திருந்தது. கோபம் பிறகுதான் வந்தது. இன்னும் போகவில்லை.

இனி ஹாலில் நடந்தது. "எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று திண்டிவனத்து அம்மா கேட்டாரல்லவா? பேத்தியை அவர் மடியிலிருந்து வாங்கி அனிதாவிடம் கொடுத்தேன். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் நரைத்த கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாருங்க. என் பொடனியப் பாருங்க. கூம்பியிருக்குதா?"

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிஜமாகவே குனிந்து பார்த்தார்.

"ஆமாங்க. அச்சு அசலா ஏர்முனையாட்டம் இருக்குது. ஒங்களுக்கு அடுத்தது தம்பிதானே?"

"தம்பிதான். இன்னும் அங்கயேதான் இருக்கறான். நாங்க கூப்புடல."